பாளையங்கோட்டையிலிருந்து இளையோர் காதல் நாவல் எழுதிப் பிழைக்க முடியுமா?

பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறாள்: “அக்கா, பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி காதல் நாவல் எழுதணும்னு ஆசை. ஜென்னி ஹான் மாதிரி அதையே முழுநேர வேலையா வச்சுக்க முடியுமா? எங்கே ஆரம்பிக்கிறது? நம்ம ஊரை வச்சு எழுதினா யாராவது படிப்பாங்களா? வீட்டுல சொல்லலாமா?”

நான் இருபது வருஷத்துக்கும் மேலாக மாத நாவல்களுக்கு மெய்ப்புப் பார்த்தும் திருத்திக் கொடுத்தும் வருகிறேன். நடுவில் நானே நாலு நாவல் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடியும். ஆனால் எழுத்து மட்டுமே சோறு போடும் நிலைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள். அதுவரைக்கும் வேறொரு சம்பளம் வேண்டும். இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம். நீ பெயர் சொன்ன ஜென்னி ஹான், அமெரிக்காவில் இளையோர் நாவல் எழுதுகிறவர், அவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடித்தது.

அவர் 1980-இல் பிறந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் ஊர், கொரியக் குடும்பம். முதல் புத்தகம் 2006-இல் வந்தது. அது இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கான கதை. கடற்கரை வீட்டில் நடக்கும் கோடைக்காலக் காதல் கதை மூன்று பாகமாக 2009, 2010, 2011-இல் வந்தது. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்த காதல் கடிதக் கதை 2014-இல். அது நெட்ஃபிளிக்ஸில் படமானது 2018-இல். முதல் புத்தகத்துக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம். கோடைக்காலக் கதை தொடராக வந்தது 2022-இல். புத்தகம் அச்சாகிப் பதின்மூன்று வருஷம் கழித்து! அந்தத் தொடரைத் தயாரித்து நடத்தியவரும் அவரேதான்.

அவர் வாழ்க்கையில் நீ கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்தக் காதல் கடிதக் கதையின் நாயகி கொரிய வம்சாவளிப் பெண். படமெடுக்க வந்தவர்களில் பலர் அவளை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றிவிடலாம் என்றார்கள். நாயகியை மாற்ற மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கே கதையைக் கொடுத்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். உன் மூன்றாவது கேள்விக்கு, அதாவது நம்ம ஊரை வைத்து எழுதினால் யார் படிப்பார்கள் என்பதற்கு, என் பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

சீக்கிரம் வந்தவர்களும் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த பெத் ரீக்கிள்ஸ் பதினைந்து வயதில் வாட்பேட் என்ற இணைய எழுத்துத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக ஒரு காதல் கதை போட்டார். பதினேழு வயதில் பெரிய பதிப்பகம் ஒன்று மூன்று புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டது. அதற்கப்புறமும் அவர் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்பியல் பட்டம் வாங்கினார். ஒப்பந்தம் கையில் இருந்தும் படிப்பை விடவில்லை. நீயும் விடாதே.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். தமிழில் காதல் நாவலுக்கு வாசகர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1960-களின் கடைசியில் ராணி முத்து மாதம் ஒரு நாவல் என்று மலிவு விலையில் கொண்டுவந்தது. அதை நடத்திய குழுமத்தைத் தொடங்கிய ஆதித்தனார் காயாமொழிக்காரர். அந்த ஊர் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். 1986-இல்தான் தூத்துக்குடிப் பக்கம் தனி மாவட்டமானது. ரமணிசந்திரன் நூற்றைம்பது நாவல்களுக்கு மேல் எழுதி, வாடகை நூலகங்களில் அட்டை கிழியக் கிழியப் படிக்கப்பட்டார். அப்புறம் இணையம் வந்தது. எழுத்தாளர்கள் சொந்தமாகத் தளம் வைத்து வாரத்துக்கு இரண்டு ‘எபி’, அதாவது அத்தியாயம், போடுகிறார்கள், ‘அடுத்த யூடி (அப்டேட்) எப்போ?’ என்று வாசகிகள் காத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கதை போடக்கூடிய பிரதிலிபி தளம் 2014-இல் தொடங்கியது. 2016 டிசம்பரில் அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் தமிழ் வந்தது. சந்தை இருக்கிறது, அதில் பணமும் புரள்கிறது.

ஆனால் அந்தச் சந்தை முழுக்கக் குடும்ப நாவல். நாயகிக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு. நாயகன் பெரிய தொழிலதிபர், கோபக்காரன். கட்டாயக் கல்யாணத்தில் ஆரம்பித்து, கடைசியில் அவன் மனம் மாறி, அவள் மன்னித்து, குழந்தையோடு முடியும். நான் திருத்திக் கொடுத்ததில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். இவற்றை மட்டம் தட்ட மாட்டேன், ஆயிரக்கணக்கான பெண்களின் மத்தியானங்களை இவைதான் தாங்கின. என் வருத்தம் வேறு. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இதையேதான் படிக்கிறாள், ஏனென்றால் அவளுக்கென்று எழுதியது எதுவும் இல்லை. கையைப் பிடித்து முறுக்குகிறவன்தான் காதலன் என்று பதினைந்து வயதில் மனதில் பதிந்தால் அதை எடுக்க எத்தனை வருஷம் ஆகும்?

இளையோர் காதல் நாவல் என்பது குடும்ப நாவலில் நாயகியின் வயதை ஏழு வருஷம் குறைத்து எழுதுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொழிலே அங்கேதான் பிரிகிறது. இந்த வகையில் கதை அந்தப் பிள்ளையின் கண்ணுக்குள் இருந்து நடக்கும், பெரும்பாலும் ‘நான்’ என்றே சொல்லும். முடிவு தாலியில் இருக்காது. ‘நான் யார், எனக்கு என்ன வேணும்’ என்பதில் ஒரு அடி நகர்ந்திருப்பாள், அவ்வளவுதான். அவன் வேறு ஊருக்குப் படிக்கப் போகலாம், இரண்டு பேரும் பேசாமல் போகலாம். வாசிக்கிற பிள்ளை அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடினாலும் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக அவளுக்குத் தெம்பு இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வகையைப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்கு என்று வகுத்திருக்கிறார்கள். பெரியவர்களும் நிறையப் படிக்கிறார்கள். ஆனாலும் எழுதுகிறவர் மனதில் உட்கார்ந்திருப்பது அந்தப் பதினைந்து வயசுதான்.

இதற்கு இலக்கணம் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நம் அகப்பாட்டை எடுத்துப் பார். குறுந்தொகையில் களவுக் காலத்துப் பாட்டுகளை, அதாவது கல்யாணத்துக்கு முந்தின ரகசியக் காதலைப் பாடுகிறவற்றை, ஒரு மாதம் தினம் இரண்டு என்று படி. முதல் பார்வை, தோழியிடம் மறைப்பது, தோழி கண்டுபிடிப்பது, ஊர் அலர் தூற்றுவது, தாய்க்குச் சந்தேகம் வருவது, இற்செறிப்பு, தோழி அறத்தொடு நிற்பது, காதலனோடு ஊரை விட்டுப் போகிற உடன்போக்கு. பதின்வயதுக் காதலில் நடக்கக்கூடியதெல்லாம் அதில் இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு டியூஷனை நிறுத்தினால் அது இற்செறிப்பு. வகுப்புத் தோழி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பக்குவமாக உண்மையைச் சொன்னால் அது அறத்தொடு நிற்றல். தோழிக்கு அந்தப் பாட்டுகளில் இருக்கிற இடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள். இன்றைய குடும்ப நாவலில் தோழி சும்மா கலாய்த்துவிட்டுப் போகிறவள். அகப்பாட்டில் அவள் இல்லாமல் கதையே நகராது. பதினாறு வயதில் உன் வாழ்க்கையிலும் அப்படித்தானே இருந்திருக்கும்?

இனி ஊர். திருநெல்வேலிச் சீமையில் பதின்வயதுக் காதல் எழுதுகிறவர் சாதியைத் தாண்டிப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதி நிறக் கயிறு, நெற்றியில் வைக்கும் சாதி அடையாளம் இதெல்லாம் பள்ளிக்குள் கூடாது என்று அதில் இருக்கிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையிலேயே ஒரு இளம் மென்பொருள் பொறியாளர் சாதி கடந்த காதலின் பேரில் வெட்டிக் கொல்லப்பட்டார். நீ அந்த ஊரில் படிக்கிறாய், உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே உன் நாயகன் கையில் கயிறு என்ன நிறம் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதையில் அந்த நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை, அவள் அதைப் பார்த்தாள் என்று மட்டும் எழுதினாலும் வாசகிக்குப் புரியும். சாதியே இல்லாத ஒரு கற்பனை ஊரை எழுதினால் நம் பிள்ளைகள் அதை ஒரு பக்கத்திலேயே பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதே நேரம் எல்லாக் காதலையும் கொலையில் கொண்டுபோய் நிறுத்தாதே. பயத்தைத்தான் அவர்கள் தினம் செய்தியில் பார்க்கிறார்களே. பயம் இருக்கிற ஊரிலேயே இரண்டு பேர் எப்படி ஒருவரையொருவர் மதித்துப் பேசப் பழகினார்கள் என்று ஒருத்தி எழுதினால், அதைத் தேடிப் படிக்க ஆள் வரும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஊர் உனக்குத் தருவது அந்தக் கஷ்டம் மட்டுமில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று நாலு ரத வீதியிலும் யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் நிற்கலாம். பாளையங்கோட்டைத் தசராவுக்கு ராத்திரி வெகுநேரம் வெளியே இருக்க வீட்டில் அனுமதி கிடைக்கும். ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளத்தில் நடந்து போகிற பிள்ளையை மேலே பஸ்ஸில் போகிறவன் பார்க்க முடியாது. 2021-இலிருந்து சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை காசு கேட்காமலே வீட்டை விட்டு இறங்க முடிகிறது என்றால், அவள் யாரைச் சந்திக்கிறாள், எவ்வளவு தூரம் போகிறாள் என்பதெல்லாம் மாறிவிட்டது. என் காலத்து நாயகிக்கு அம்மாவிடம் சில்லறை வாங்கவே ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தை வைத்து இன்னும் யாரும் ஒரு நல்ல காதல் கதை எழுதி நான் படிக்கவில்லை.

பேச்சுமொழியை உரையாடலில் தாராளமாக வை. “ஏட்டி, எங்கட்டி போற?” என்பதை “எங்கே போகிறாய் தோழி?” என்று எழுதினால் அந்தப் பிள்ளை செத்துப்போவாள். ஆனால் கதை சொல்கிற குரல் தெளிவான எளிய தமிழாக இருக்கட்டும், சேலத்துப் பிள்ளையும் படிக்கணும் இல்லையா?

ஒரு எச்சரிக்கை, இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உன் பாத்திரங்களுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் உடல் சார்ந்த காட்சி எழுதாதே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு சிறுவர்களைப் பாலியல் நோக்கில் காட்டும் மின்வடிவப் படைப்பைக் குற்றமாக்குகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த வகைக்கு அது தேவையுமில்லை. டியூஷன் முடிந்து நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் பட்டதை மூன்று பக்கம் எழுத முடிந்தால் நீ எழுத்தாளர்.

இப்போது பணம். வெளிநாட்டில் ஏஜென்ட் ஒருவர் மூலம் பதிப்பகத்துக்குப் போவார்கள், அவருக்கு 15 சதவீதம். பதிப்பகம் முன்பணம் தரும், அது விற்பனையில் கழிந்த பிறகே ராயல்டி. தமிழில் ஏஜென்ட் வழக்கம் இல்லை, நீயே நேரடியாகப் பதிப்பகத்தோடு பேசணும். ராயல்டி என்று பேசினால் வழக்கமாக விலையில் பத்து சதவீதம் வரை. கணக்குப் போட்டுப் பார்: 250 ரூபாய்ப் புத்தகம், 500 பிரதி, அத்தனையும் விற்றால் உனக்கு 12,500 ரூபாய். இந்த ஒரு கணக்கே நான் ஏன் வேறு சம்பளம் வேண்டும் என்கிறேன் என்பதைச் சொல்லிவிடும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் கூடுதலாகப் பிரதிகள் போகும், ஆனால் அதை நம்பி வீட்டு வாடகைக்குத் திட்டம் போடாதே.

கிண்டிலில் நீயே போட்டால் ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த நாவல் மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. அதனால்தான் தளத்தில் எபி போடுகிறவர்கள் கதை முடிந்ததும் லிங்க்கைத் தூக்கிவிடுகிறார்கள். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்களோ அதற்கேற்பப் பணம் வரும். தமிழில் எழுதி மாதச் சம்பளம் போல எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் எடுப்பவர்களே. அவர்கள் கையில் பத்து இருபது நாவல் இருக்கும். ஒரு நாவலை வைத்து யாரும் பிழைக்கவில்லை.

நீ ஆரம்பிக்க வேண்டிய இடம் பிரதிலிபி மாதிரி இலவசமாகப் போடக்கூடிய ஒன்று. பணத்துக்காக இல்லை, அத்தியாயத்தின் கடைசி வரியில் வாசகி நிற்கிறாளா போகிறாளா என்று உடனே தெரியும் என்பதற்காக. ஆனால் பின்னூட்டம் உன் நாயகனைக் கோபக்காரத் தொழிலதிபராக மாற்றச் சொல்லி இழுக்கும். முதல் இருபது அத்தியாயத்தை எழுதி வைத்துக்கொண்டு போட ஆரம்பி, இழுப்புக்குத் தப்பலாம்.

ஒப்பந்தத்தைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் இரண்டு நாவலையும் ஒரு பதிப்பகம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாங்கியது. ஒரு பக்கக் காகிதம், ‘சகல உரிமையும்’ என்று ஒரு வரி. சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவை வேறு தலைப்பில், வேறு அட்டையில் மறுபடி மறுபடி வந்தன. ஒரு பைசா வரவில்லை, கேட்கவும் வாயில்லை. நீ இதைத் தெரிந்துகொண்டு போ: 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நூல், எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நிலப்பரப்பு, என்ன ராயல்டி என்று அதில் சொல்ல வேண்டும். வருஷம் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அச்சு, மின்நூல், ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேள். அச்சு உரிமையை மட்டும் மூன்று வருஷத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. உன் எழுத்து உன் ஆயுளுக்கும் அப்புறம் அறுபது வருஷத்துக்கும் உன் குடும்பச் சொத்து. உன் தோழிகளில் பதினெட்டு ஆகாதவர் யாராவது எழுதினால், அவர் போடும் கையெழுத்து நம் சட்டத்தில் செல்லாது. பெற்றோர் மூலமாகத்தான் போகணும்.

சாகித்ய அகாதமி 2011-இலிருந்து முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் விருது கொடுக்கிறது, 50,000 ரூபாய். உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்காக எழுத வேண்டாம், ஆனால் காதல் கதை என்பதால் நமக்கு எங்கே என்று ஒதுங்கவும் வேண்டாம். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா திருநெல்வேலியிலேயே நடக்கிறது. ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு கடையோரம் நின்று பள்ளிப் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்.

கடைசியாக, வீட்டில் சொல்லலாமா என்றாய். நம் பக்கத்தில் கல்யாணமாகாத பிள்ளை காதல் கதை எழுதினால் ‘சொந்த அனுபவமா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குத்தான் புனைபெயர். கிண்டிலில் புத்தகத்தில் புனைபெயரும் வங்கிக் கணக்கில் சொந்தப் பெயரும் இருக்கலாம், தடையில்லை. நானும் புனைபெயரில்தான் ஆரம்பித்தேன், வீட்டில் மூன்று வருஷம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மத்தியானம் தார்சாவில் நாலைந்து பேர் பீடித்தட்டோடு உட்காருவார்கள். என் அம்மா கை சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா வாடகைக்கு எடுத்த நாவலைச் சத்தமாக வாசிப்பாள். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் வாசித்துக்கொண்டிருந்தது என் மூன்றாவது நாவல். நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். ஒரு இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லி, “இந்தப் பிள்ள நம்ம பக்கத்துக்காரியாத்தான் இருக்கணும். பாரேன், ஏட்டின்னு சரியா எழுதியிருக்கா” என்றாள். அன்றைக்கு ராத்திரி சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “துட்டு ஒழுங்கா குடுத்தானாட்டி?”